எழுத்து மாறாமல் ஆட்சி மாறிய ஆண்டு: டென்மார்க்கு, 1901

(கமக்காரரும் உத்தியோகத்தரும் ஒருங்கு கூடியிருந்த அவையில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



ஒரு நாட்டின் அரசியற் சட்டத்தில் ஓரெழுத்தேனும் திருத்தப்படாதிருக்க, அந்நாட்டின் ஆட்சிமுறை மாத்திரம் அடியோடு மாறிவிடக் கூடுமா? சட்டம் பயின்றோரிடம் இவ்வினாவைக் கேட்டால், கூடாது என்றே பெரும்பாலார் விடை பகர்வர். ஆயினும் டென்மார்க்கு நாட்டில் 1901ஆம் ஆண்டு யூலை மாதம் 24ஆந் திகதி அதுதான் நடந்தது. அன்று காலைவரை மன்னர் தாம் விரும்பியவரையே மந்திரியாக்கினார். அன்று முதல் மக்கள் விரும்பியவரை மந்திரியாக்கினார். சட்டப் புத்தகம் அதே புத்தகம். மன்னரும் அதே மன்னர். டேனிய மக்கள் இதனை இன்றும் ‘முறைமாற்றம்’ என்று ஒரே சொல்லாற் குறிப்பர். அம்மாற்றம் எவ்வாறு வந்தது, யாரால் வந்தது, அது எவ்விடத்திற் குறைபட்டது என்பதையே நாம் இன்று உங்கள் முன் எடுத்துரைக்க விழைகின்றோம்.

டென்மார்க்கு என்னும் பெயர் தமிழருக்குப் புதிதன்று. தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனியக் கொடி பறந்தது. அங்கு வந்த மதகுருமாரின் முயற்சியால் 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முற்றுப்பெற்றதும் நீங்கள் அறிந்ததே. அக்கப்பற் கூட்டம் தரங்கம்பாடியிற் கோட்டை கட்டுமுன் முதலில் நாடி வந்தது இலங்கையையே. கண்டியரசனோடு பேசித் திருக்கோணமலையிற் கால் ஊன்ற முயன்று தோற்றது. இன்னுமொன்று. 1901 சனவரியில் விக்ரோறியா மகாராணி இறக்க, இலங்கையையும் ஆண்ட ஏழாம் எட்வேட்டின் பட்டத்தரசியானவர் டேனிய மன்னரின் மகள் அலெக்சாந்திரா. அவருடைய சகோதரர் ஒருவர் கிரேக்க நாட்டு மன்னர். சகோதரி ஒருவர் உருசியச் சக்கரவர்த்தியின் தாய். இவர்களுக்கெல்லாம் தந்தையாகிய ஒன்பதாம் கிறிஸ்தியன் மன்னரை ‘ஐரோப்பாவின் மாமனார்’ என்று உலகம் வேடிக்கையாக அழைத்தது. அத்தகைய மன்னர், தமது 83ஆம் வயதில், கமக்காரரின் கட்சிக்கு ஆட்சியை ஒப்புவித்தார் என்றால் அதற்குத் தக்க காரணம் இருந்திருத்தல் வேண்டும்.

கட்சிகளின் பெயர் பற்றி ஒரு சொல். அக்கமக்காரர் கட்சியின் பெயர் ‘இடது’. அவர்களை எதிர்த்து நின்ற பெருநிலக்காரரும் உயர்பதவியாளரும் ‘வலது’. இடது என்றவுடன் செங்கொடியை நினைத்தல் வேண்டா. சொந்தமாக ஒரு கமமும், பத்துப் பதினைந்து மாடும், ஞாயிறுதோறும் கோயிலுக்குச் செல்லும் வழக்கமும் உடையோரே இந்த இடதுசாரிகள். தொழிலாளர் கட்சி வேறாக இருந்தது.

1849ஆம் ஆண்டு யூன் 5ஆந் திகதி டென்மார்க்குக்கு ஓர் அரசியற் சட்டம் கிடைத்தது. சொந்தக் குடித்தனம் நடத்தும் முப்பது வயதுக்கு மேற்பட்ட ஆடவருக்கு அது வாக்குரிமை வழங்கியது. அக்கால ஐரோப்பாவில் அது தாராளமான சட்டம். பின்பு 1864இல் பிரசியாவோடும் ஒஸ்திரியாவோடும் நடந்த போரில் நாடு தோற்றது. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நிலமும், ஐந்தில் இரண்டு பங்கு மக்களும் கைவிட்டுப் போயின. தோல்வியின் கலக்கத்தில் 1866இல் சட்டத்தைத் திருத்தினர். கீழ்ச்சபை முன்போலவே பொதுமக்கள் வாக்கில் நின்றது. மேற்சபையோ உருமாறியது. அதன் 66 உறுப்பினருள் 12 பேரை மன்னர் ஆயுட்காலத்துக்கு நியமிப்பார். ஏனையோர் தெரிவிலும் கூடுதலான வரி செலுத்துவோருக்குத் தனிப்பெரும் வாக்குப்பலம். சுருங்கச் சொல்லின், கீழ்ச்சபை கமக்காரனுடையது, மேற்சபை நிலப்பிரபுவினுடையது, இரண்டும் உடன்பட்டாலன்றிச் சட்டம் பிறவாது.

இவ்விடத்தில் உங்களுள் உள்ள சட்டத்தரணிமார் சற்றுக் கூர்ந்து கேட்டல் வேண்டும். அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு, மன்னர் தம் மந்திரிகளை நியமிப்பார், நீக்குவார் என்கின்றது. அவ்வளவே. யாரை நியமிப்பார்? மக்கள் சபையின் நம்பிக்கை பெற்றவரையா, தமக்கு உவந்தவரையா? சட்டம் வாய் திறக்கவில்லை. சொல்லாததெல்லாம் மன்னரின் உரிமை என்றது வலது. மக்கள் சபை பணம் மறுத்தால் எந்த மந்திரியும் நிலைக்க முடியாது, ஆதலால் பெரும்பான்மையே ஆளும் என்பது சட்டத்தின் உட்கிடை என்றது இடது. இரு வாதமும் வாதமே. எமக்கு இடதின் வாதமே சரியெனத் தோன்றினும், நீதிமன்றில் எதிர்த்தரப்புக்காக நின்று பேசவும் ஒரு திறமையான நியாயவாதிக்கு அங்கு இடம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

பெரும்பான்மை, பணத்தை மறுத்துப் பார்த்தது. அப்போது பிரதம மந்திரி எஸ்திறுப் என்னும் பெருநிலக்காரர். 1875 முதல் 1894 வரை அப்பதவியில் அசையாதிருந்தவர். அவர் 25ஆம் பிரிவைத் தேடி எடுத்தார். மிக அவசரமான வேளையில், பாராளுமன்றம் கூடியிராதபோது, மன்னர் தற்காலிகச் சட்டம் பிறப்பிக்கலாம். அது அரசியற் சட்டத்துக்கு முரணாதல் கூடாது. அடுத்துக் கூடும் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படல் வேண்டும் என்பது அதன் கருத்து. போர், பஞ்சம், கொள்ளைநோய் ஆகியவற்றை எண்ணி எழுதிய பிரிவு அது. எஸ்திறுப் செய்தது யாது? வரவுசெலவுத் திட்டத்தைக் கீழ்ச்சபை வெட்டிக் குறைக்கும். மேற்சபை வெட்டியதை ஒட்டும். இரு சபையும் முட்டிக்கொண்டு நிற்கும். உடனே அவர் பாராளுமன்றத்தைக் கலைத்து வீட்டுக்கு அனுப்புவார். மறுகணம் பாராளுமன்றம் ‘கூடியிரா’ நிலை உண்டாகிவிடும், அவசரமும் உண்டாகிவிடும்! அவசரத்தைத் தாமே உண்டாக்கி, அந்த அவசரத்தின் பேரால் ஆண்டார். 1877இல் ஒருமுறை செய்து பார்த்தார். 1885 ஏப்பிரல் முதலாந் திகதி தொடக்கம் 1894 வரை ஆண்டுதோறும் இவ்வாறே வரி அறவிட்டார். வரவுசெலவுச் சட்டம் நிறைவேறாமல் வரி அறவிடலாகாது என்று அதே அரசியற் சட்டத்தின் இன்னொரு பிரிவு தெளிவாகச் சொல்லியிருந்தது என்பதையும் மறவாதீர்கள். மக்கள் சபை மறுத்த பணத்தைக் கொண்டே கொப்பன்ஹேகன் நகரைச் சூழ நிலப்பக்கத்து அரண்கள் எழுந்தன.

1884ஆம் ஆண்டுத் தேர்தலில் கீழ்ச்சபையின் 102 இடங்களுள் வலது பெற்றவை 19 மாத்திரமே என்று அறிந்தால், இவ்வாட்சியின் துணிவு எத்தகையது என்பது விளங்கும்.

நாடு கொதித்தது. துப்பாக்கிப் பயிற்சிக் கழகங்கள் தோன்றின. சிலர் வரி கொடுக்க மறுத்தனர். அவர்கள் வீட்டுப் பொருள்கள் பறிமுதலாயின. அரசாங்கம் ஆயுதப் பொலிசுப் படையொன்றை நிறுவிக் கிராமங்களுக்கு அனுப்பியது. 1885 ஒக்டோபர் 21ஆந் திகதி அச்சுக்கோக்கும் இளைஞன் ஒருவன் எஸ்திறுப்பைச் சுட்டான். குண்டு மேலங்கியின் பொத்தானிற் பட்டு அவர் உயிர் தப்பினார். ஆனால் அந்தக் குண்டு இடதுசாரிகளின் மீதே பாய்ந்தது எனலாம். அதனைக் காட்டியே பேச்சுரிமையையும் பத்திரிகை உரிமையையும் குறுக்கும் தற்காலிகச் சட்டங்களை எஸ்திறுப் அடுக்கினார். கமக்காரரின் தலைவர் கிறிஸ்தென் பேர்க், முன்னாட் பாடசாலை ஆசிரியர், ஊருக்கு ஊர் பத்திரிகை நிறுவியவர், கீழ்ச்சபையின் அவைத்தலைவர். கூட்டமொன்றில் பொலிஸ் அதிபர் மேடையை விட்டு இறங்கினாலன்றிப் பேசேன் என்று அவர் நின்றதன் விளைவாக மூண்ட வழக்கில், 1886இல் அவருக்கு ஆறு மாதச் சிறை விதிக்கப்பட்டது. மக்கள் சபையின் அவைத்தலைவர் சிறையில்! நீதிமன்றங்களிடம் அந்த மக்களுக்குக் கிடைத்த ஆறுதல் இவ்வளவே.

பேர்க் கைக்கொண்ட வழிக்கு ‘வாடவிடும் கொள்கை’ என்று பெயர். அரசாங்கம் கொண்டுவரும் மசோதா நல்லதாயினும் தீயதாயினும் தண்ணீர் ஊற்றாமல் வாடவிடுவது. இதனைப் பற்றி எமது கருத்தை ஒளிக்க விரும்பவில்லை. அரசாங்கம் பட்டினி கிடக்கும் என்று எண்ணினர். ஆனால் தற்காலிகச் சட்டத்தின் மூலம் அரசாங்கம் தன் பசியைத் தீர்த்துக்கொண்டது. வாடியவை ஏழை எளியோருக்கு வேண்டிய சீர்திருத்தங்கள். கட்சிக்குள்ளேயே பிளவு வந்தது. மிதவாதிகள் அரசாங்கத்தோடு பேசத் தொடங்க, 1891இல் முதியோர் உதவிச் சட்டமும், 1892இல் நோயாளர் உதவி நிதிச் சட்டமும் பிறந்தன. அவை பயனுள்ள சட்டங்கள் என்பதை எவரும் மறுக்க முடியாது. 1894இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டு எஸ்திறுப் பதவி விலகினார். பதவிக்கு வந்தவரோ மற்றொரு வலதுசாரி; அவருக்குப் பின் இன்னொருவர்; அவருக்குப் பின் இன்னுமொருவர். மறுத்தவருக்கும் வெற்றி கிட்டவில்லை, உடன்பட்டவருக்கும் கிட்டவில்லை. பேர்க் 1891இலேயே காலமானார்.

அங்ஙனமாயின் வெற்றியைக் கொணர்ந்தது எது? இனி நாம் பாராளுமன்றத்தை விட்டு மாட்டுத் தொழுவத்துக்குச் செல்லல் வேண்டும்.

1870ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அமெரிக்கத் தானியமும் உருசியத் தானியமும் புகையிரதத்திலும் நீராவிக் கப்பலிலும் ஐரோப்பாவுக்கு வந்து குவிந்தன. கோதுமை விலை சரிந்தது. பல நாட்டு அரசாங்கங்கள் இறக்குமதி வரி விதித்துத் தம் கமக்காரரைக் காத்தன. டேனியக் கமக்காரர் வேறு வழி தேர்ந்தனர். மலிந்த தானியத்தை வாங்கி மாட்டுக்கும் பன்றிக்கும் போட்டு, வெண்ணெயும் உப்பிட்ட பன்றியிறைச்சியும் ஆக்கி, இங்கிலாந்துக்கு விற்பது என்று துணிந்தனர். ஆனால் ஒரு தடை இருந்தது. நல்ல வெண்ணெய் என்றால் அது பிரபுவின் பண்ணை வெண்ணெய். நூறு மாடு ஓரிடத்தில் நின்றாலன்றி ஒரே தரமான வெண்ணெய் எடுக்க முடியாது. மூன்று மாடுள்ளவன் கடைந்த வெண்ணெய் கடைத்தெருவில் மலிவாகவே போயிற்று. அவ்வேளையில் சுழன்று பாலாடை பிரிக்கும் பொறி வந்தது. பல வீட்டுப் பாலையும் ஒன்றாகக் கொட்டிச் சில மணி நேரத்தில் பிரித்துவிடலாம் என்றாயிற்று.

அப்பொறியை யார் வாங்குவது என்பதே வினா. முதலாளி ஒருவர் வாங்கியிருப்பின் கமக்காரர் பால் விற்கும் கூலிகளாய் முடிந்திருப்பர். மேற்கு யூட்லாந்தில் யெடிங் என்னும் சிற்றூரில் 1882இல் கமக்காரர் கூடித் தாமே வாங்கினர். அவர்கள் செய்த ஒழுங்கைப் பாருங்கள். கடனுக்கு உறுப்பினர் எல்லாரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. வீட்டுத் தேவை போக எஞ்சிய பால் முழுவதையும் சங்கத்துக்கே கொடுத்தல் வேண்டும். விலை கூடிய நாளில் வேறொருவருக்கு விற்கலாகாது. பொறி நின்றுவிடாதிருக்க இந்தக் கட்டுப்பாடு இன்றியமையாதது. இது இல்லாமையாலேயே உலகெங்கும் எத்தனையோ சங்கங்கள் முதல் ஆண்டிலேயே மூடப்பட்டன. வெண்ணெய் எடுத்த பின் எஞ்சும் பாலை உறுப்பினர் திரும்பப் பெற்றுப் பன்றிக்கு ஊட்டுவர். இலாபத்தை அவரவர் கொடுத்த பாலின் அளவுக்குப் பங்கிடுவர். வாக்கு மட்டும் பாலின் அளவுக்கன்று. நாற்பது மாடுடையவனுக்கும் ஒரு வாக்கு. இரண்டு மாடுடையவனுக்கும் ஒரு வாக்கு. மாட்டுத் தலையை எண்ணாமல் மனிதத் தலையை எண்ணுவது என்று இதனைச் சொல்லினிக்கச் சொல்லிக்கொண்டனர்.

மேற்சபை வரியின் அளவுக்கு வாக்களித்தது. பாற்பண்ணை தலைக்கு ஒரு வாக்கு என்றது. நாட்டின் சட்டம் கொடுக்க மறுத்த ஆட்சிமுறையைக் கமக்காரர் தம் கிராமத்தில் தாமே அமைத்து, மாதந்தோறும் பழகிக்கொண்டனர். கூட்டம் நடத்தவும், அறிக்கை எழுதவும், கணக்குக் கேட்கவும், தோற்ற பின் கோபித்து எழுந்து போகாமல் அமர்ந்திருக்கவும் அங்கேதான் கற்றனர். 1887இல் ஹோர்சன்ஸ் நகரில் முதற் கூட்டுறவு இறைச்சிச்சாலை எழுந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் கூட்டுறவுப் பாற்பண்ணைகள் ஆயிரத்துக்கு மேற்பட்டன. 25 இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்த மக்கள் வாழ்ந்த நாட்டில் ஆயிரம்! முறைமாற்றம் நிகழ்ந்த அதே 1901ஆம் ஆண்டில் டேனிய வெண்ணெய்க்கெனப் பொது வியாபாரக் குறியொன்றும் பதிவாயிற்று. வெண்கலக் காலத்து ஊதுகொம்பாகிய ‘லூர்’ அதன் சின்னம். உலகச் சந்தையில் அந்தப் பெயரில் வரும் வெண்ணெயை இன்றும் காணலாம்.

பாற்பண்ணையை நடத்தத் தெரிந்த மனிதர் எங்கிருந்து வந்தனர்? குரூன்ட்விக் என்னும் மதகுருவின் எண்ணத்திலிருந்து பிறந்த மக்கள் உயர்பாடசாலைகள் ஒரு விடை. முதலாவது, 1844இல் ரூடிங் என்னும் ஊரில் தோன்றியது. கமத்தொழில் ஓய்ந்த குளிர்காலத்தில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட கமக்கார இளைஞர் ஐந்து மாதம் தங்கிப் படிப்பர். கோடையில் பெண்கள் படிப்பர். பரீட்சை இல்லை, பத்திரம் இல்லை, உத்தியோகம் இல்லை. வரலாறு, தாய்மொழி, பாட்டு, உலகம் இவையே பாடம். பரீட்சைக்கென்றே படித்துப் பழகியவருக்கு இது வீண்வேலையாகத் தோன்றும். படித்தவன் கிராமத்தை விட்டோடாமல் கிராமத்துக்கே திரும்பினான் என்பதுதான் இதன் பயன். 1864இன் தோல்வியோடு ரூடிங் பிரசியாவின் கைக்குள் சென்றது. ஆசிரியர் எல்லைக்கு வடக்கே அஸ்கோவ் என்னும் இடத்துக்கு வந்து 1865இல் பாடசாலையை மீண்டும் தொடங்கினர். எல்லைக்கப்பாற் சிக்கிய டேனியர் படும் பாட்டை அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருந்தனர். 1888இல் அப்பகுதிப் பாடசாலைகளிற் சமய பாடம் தவிர மற்றெல்லாம் சேர்மன் மொழியிலேயே நடத்தல் வேண்டும் என்ற கட்டளை வந்தபோது, அங்குள்ள பெற்றோர் தம் பிள்ளைகளை எல்லை கடந்து இப்பாடசாலைகளுக்கு அனுப்பினர்.

இத்தகைய மக்கள் 1901 ஏப்பிரல் 3ஆந் திகதி வாக்களிக்கச் சென்றனர். அதுவரை டேனியத் தேர்தலில் வாக்கு வெளிப்படையானது. ஊரார் முன்னிலையிற் கையுயர்த்தியோ, பெயர் சொல்லியோ வாக்களித்தல் வேண்டும். நிலப்பிரபுவின் காரியக்காரன் பார்த்துக்கொண்டு நிற்பான். அவ்வாண்டுத் தொடக்கத்தில் இரகசிய வாக்குச் சட்டம் நிறைவேறியிருந்தது. முதன்முறையாக இரகசிய வாக்கில் நடந்த அத்தேர்தலின் முடிவு இது: மொத்தம் 114 இடம், இடது சீர்திருத்தக் கட்சி 76, மிதவாத இடது 16, சமூக சனநாயகக் கட்சி 14, வலது 8. எட்டுப் பேர்! ஒரு மந்திரி சபைக்கே போதாத தொகை.

சட்டத்தின்படி அவ்வெட்டுப் பேரோடும் மன்னர் தொடர்ந்து ஆண்டிருக்கலாம். 19 பேரோடு ஆண்டவர்தாமே. ஆனால் 1885 அன்று இது. மேற்சபையிலேயே வலது, வரிச் சீர்திருத்தத்தின் மீது பிளவுண்டு கிடந்தது. இன்னுமொரு தற்காலிகச் சட்டத்துக்குக் கையொப்பமிடும் எஸ்திறுப் எவரும் எஞ்சவில்லை. நாட்டின் ஏற்றுமதி முழுவதும் யார் கையில் உள்ளதோ அவர்களிடம் பொலிசை அனுப்பி வரி வாங்கும் துணிவும் எவருக்கும் இல்லை. ஏப்பிரல் கழிந்து, மே கழிந்து, யூனும் கழிந்த பின்பே செஹெஸ்தெட் மந்திரி சபை விலக, யூலை 24இற் புதிய மந்திரி சபை அமைந்தது.

அதன் தலைவர் டொயின்சர், கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர். அவர் பாராளுமன்ற உறுப்பினரே அல்லர்! வென்ற கட்சியின் உண்மைத் தலைவர் ஜே. சி. கிறிஸ்தென்சன் என்னும் கிராமப் பாடசாலை ஆசிரியர். அவருக்குக் கிடைத்தது கல்வியும் திருச்சபையும். மன்னர் ஒரு படி இறங்கினார்; மறுபடிக்குக் கிறிஸ்தென்சன் 1905வரை காத்திருந்தார். ஆயினும் கமத்தொழில் மந்திரியாக ஒலே ஹான்சன் என்பவர் அமர்ந்தாரே, அதை எண்ணிப் பாருங்கள். ஏர் பிடித்த கமக்காரர் ஒருவர் டென்மார்க்கில் மந்திரியானது அதுவே முதற்றடவை. பத்திரிகையாசிரியர் ஹோறுப் பொதுவேலை மந்திரியானார். இராணுவச் செலவை வாழ்நாளெல்லாம் எதிர்த்து எழுதிய அவர் ஓராண்டும் நிறையுமுன், 1902 பெப்ரவரியில் இறந்தார்.

வந்தவர் என்ன செய்தனர்? 1903இல் பழைய நிலவரியை ஒழித்துச் சொத்துவரியும் வருமான வரியும் கொணர்ந்தனர். அதே ஆண்டில் கிராமப் பாடசாலையிற் படித்த பிள்ளை உயர்கல்வி வரை ஏறிச் செல்லப் படி அமைத்தனர். ஐஸ்லாந்துக்குக் கொப்பன்ஹேகனிலிருந்தே மந்திரி ஆண்ட வழக்கத்தை விட்டு, அத்தீவின் சபைக்குப் பொறுப்பான மந்திரி அத்தீவிலேயே இருக்க இசைந்தனர். 1904 பெப்ரவரி முதலாந் திகதி சட்டம் பயின்ற கவிஞர் ஹன்னெஸ் ஹாஃப்ஸ்டைன் றெய்க்கியாவிக்கில் அப்பதவி ஏற்றார். தாம் கேட்ட உரிமையைத் தம்மிடம் கேட்டவருக்கும் கொடுத்தார்கள் என்பதை நாம் பாராட்டுகின்றோம்.

வீட்டுக்குள் அவ்வளவு தாராளம் இல்லை. நிலவரி ஒழிந்ததில் பெருநன்மை பெற்றவர் நிறைய நிலமுடைய கமக்காரரே. துண்டு நிலக்காரர் இதனை முன்னரே உணர்ந்து, 1902 நவம்பரில் கூய்யே நகரிற் கூடி, உழைப்பின் பயனுக்கு வரி விதிக்காது நிலத்தின் பெறுமதிக்கே வரி விதித்தல் வேண்டும் என்று தீர்மானித்தனர். அவர்கள் குரல் ஏறவில்லை. பிறர் வீட்டிலிருந்து வேலை செய்த கூலியாளுக்கும், பெண்கள் அனைவருக்கும் பாராளுமன்ற வாக்கு 1915 வரை கிடைக்கவில்லை. மாட்டுத் தலையை எண்ணாதவர், அந்த மாட்டிற் பால் கறந்த பெண்ணின் தலையையும் எண்ணவில்லை. இராணுவச் செலவு பற்றிய பிணக்கில் 1905இல் கட்சி உடைந்து ‘தீவிர இடது’ பிறந்தது.

எல்லாவற்றிலும் பெரிய கறை, வெட்கத்தோடு சொல்கின்றோம், எமது தொழிலைச் சேர்ந்தவரால் வந்தது. முறைமாற்ற மந்திரி சபையின் நீதி மந்திரி அல்பேட்டி ஒரு சட்டத்தரணி. சேலந்துக் கமக்காரரின் சேமிப்பு வங்கிக்குத் தலைவர். அவரது தந்தை நிறுவிய வங்கி. ஆதலால் அதன் கணக்கை நெருக்கிக் கேட்க எவரும் துணியவில்லை. எதிரிகள் சபையிற் கேள்வி எழுப்பியபோதும், கட்சிப் பற்றினால் நண்பர் அவரைச் சூழ்ந்து நின்று காத்தனர். 1908 செப்ரெம்பர் 8ஆந் திகதி அல்பேட்டி தாமே கொப்பன்ஹேகன் பொலிசாரிடம் சென்று மோசடியை ஒப்புக்கொண்டார். போன பணம் ஏறத்தாழ 150 இலட்சம் குரோனர். 1910இல் அவருக்கு எட்டாண்டுக் கடுஞ்சிறை. கிறிஸ்தென்சனின் மந்திரி சபை கவிழ்ந்தது. அவரும் இராச்சிய நீதிமன்றின் முன் நிறுத்தப்பட்டு 1910இல் விடுதலையானார். உடன் நிறுத்தப்பட்ட மற்றொரு மந்திரிக்குக் குற்றப்பணம் விதிக்கப்பட்டது. அவர் சிறை சென்ற பேர்க்கின் மகன். பாற்பண்ணையில் ஒரு போத்தல் பாலுக்கும் கணக்குக் கேட்ட மக்கள், தம் வாழ்நாட் சேமிப்பைக் கேள்வியின்றி ஒரு மந்திரியிடம் விட்டிருந்தனர்.

எழுத்து மாறாமல் வந்த ஆட்சி எவ்வளவு உறுதியானது என்ற கேள்வியும் எஞ்சியிருந்தது. 1920 மார்ச்சு 29ஆந் திகதி அதற்குச் சோதனை வந்தது. உலகப் போரில் சேர்மனி தோற்றதன் பின், பறிபோன பகுதியில் மக்கள் வாக்கெடுப்பு நடந்து, ரூடிங் உட்பட்ட வடபகுதி டென்மார்க்குக்கே மீள்வதென்று ஆகியிருந்தது. ஃபிளென்ஸ்பர்க் நகர மக்கள் சேர்மனியோடு நிற்கவே வாக்களித்தனர். அந்நகரையும் பெறல் வேண்டும் என்று விரும்பிய பத்தாம் கிறிஸ்தியன் மன்னர், அதற்கு உடன்படாத பிரதம மந்திரி சாலேயைப் பதவி நீக்கினார். 13ஆம் பிரிவின் வாசகம் அப்படியே இருந்ததன்றோ! பதிலுக்கு நியமிக்கப்பட்ட லீபே என்பவரும் ஒரு நியாயவாதியே. தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தம் அறிவித்தன. தலைநகரிற் கூட்டம் திரண்டது. ஒரு வாரத்தில் மன்னர் பின்வாங்கினார். அதன் பின் எந்த டேனிய மன்னரும் அவ்வாறு செய்யத் துணியவில்லை. ஆயினும் நம்பிக்கையிழந்த மந்திரி பதவியில் நீடிக்கலாகாது என்ற விதி 1953ஆம் ஆண்டு யூன் 5ஆந் திகதிய அரசியற் சட்டத்தில், 15ஆம் பிரிவாகவே முதன்முதல் எழுத்தில் ஏறியது. அதே சட்டத்தோடு மேற்சபையும் ஒழிந்தது. யெடிங்கிற் கமக்காரர் பாலை ஒன்றாகக் கொட்டத் தொடங்கி அப்போது எழுபத்தொரு ஆண்டுகள் ஆகியிருந்தன.